வென்ற பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும்

விளையாட்டு சாதியை மறக்கடிக்கும் என்ற பேச்சைப் பெரும்பாலும் பரிசளிப்பு மேடையில்தான் கேட்கிறோம். களக்காட்டில் ஏழு வருடமாக மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். களத்தில் நின்று பார்த்தால், விளையாட்டு தானாக எதையும் மறக்கடிப்பதில்லை. யாராவது மெனக்கெட வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கபடி அணி என்றால் அது ஒரு தெரு. எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. அணியின் பெயரும் பனியனின் நிறமும் ஃபிளெக்ஸில் மீசை முறுக்கும் முகங்களும் சொல்லிவிடும். இரண்டு தெருப் பிள்ளைகளை ஓர் அணியாக்கப் போனால் முதல் சிக்கல் எங்கே ஆடுவது என்பது. ஊருக்குள் என்றால் காலனிப் பிள்ளைகள் தயங்குவார்கள். காலனியில் என்றால் மற்ற வீடுகளில் அனுப்ப மாட்டார்கள். பச்சையாற்றுப் பக்கம் ஒரு புறம்போக்கில் முள்ளை வெட்டிக் களம் போட்டோம். அடுத்தது பனியன். யாரும் உரிமை கொண்டாடாத நிறம் தேடி நெல்லை ஜங்ஷன் கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்து, சாம்பல் நிறத்தில் எடுத்துவந்தேன். அழுக்குத் துணி மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் இன்றைக்கும் திட்டுகிறார்கள். இருக்கத்தான் செய்கிறது.

பிறகு கயிறு. 2023 ஆகஸ்டில் பக்கத்து நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், அவரது பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பறையில் கயிற்றைக் கழற்றச் சொன்னால் சாமிக் கயிறு என்று சண்டைக்கு வருவார்கள். கபடியில் ஒரு வசதி உண்டு. நகம் வெட்ட வேண்டும், மோதிரமும் காப்பும் கழற்ற வேண்டும், எதிராளியைக் கீறிவிடும். அந்த வரிசையில் கயிற்றையும் சேர்த்தால் முனகிக்கொண்டே கழற்றுகிறார்கள். ஆட்டம் முடிந்து திரும்பக் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கட்டாமல் போகிறவர்களை நான் எண்ணிக்கொள்கிறேன்.

கேட்ச் நிற்பவர்கள் கை கோத்து நிற்க வேண்டும். சேர்ந்த புதிதில் விரலைக் கோக்காமல் மணிக்கட்டை ஒப்புக்குத் தொடுவார்கள். பனியன் நுனியைப் பிடித்தவனும் உண்டு. அப்படி நின்றால் பாடி வருகிறவன் அறுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். நாலு ஆட்டம் தோற்ற பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே விரல்கள் கோத்துக்கொள்ளும். அதற்கப்புறம் தண்ணீர் பாட்டிலில் யார் வாய் வைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. சம்பளமில்லாத இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் கூலி அது.

கேப்டன் யார் என்றதும் பெரியவர்கள் வந்துவிடுவார்கள். பையன்களுக்கு இல்லாத சங்கடம் அவர்களுக்கு. இது பழைய சங்கடம்தான். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த பல்வங்கர் பலூவை இந்து அணி கடைசிவரை கேப்டனாக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், 1923இல், அந்த இடம் கிடைத்தது.

தோற்றாலும் நிம்மதியில்லை. 2021 ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். ஆனால் எனக்கு வெற்றிதான் அதிகப் பயம். 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவரைக் கீழே இழுத்து வெட்டினார்கள்; கைவிரல்கள் துண்டாயின. அதற்கு முன் நடந்த கபடிப் போட்டியில் அவர் அணி வென்றதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அதிலிருந்து, ஜெயித்து வரும் வழியில் கோப்பையைப் பைக்குள் வை என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. “ஏன் சார், களவாண்டா கொண்டு வாரோம்?” என்று கேட்டான் ஒரு பையன். எந்தப் பயிற்சி முகாமிலும் இதற்குப் பதில் சொல்லித் தருவதில்லை.

‘பைசன்’ பார்த்துவிட்டுக் கபடி ஆட வருகிற பையன்கள் இப்போது அதிகம். அந்தப் படத்துக்குத் தூண்டுதலான மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அடுத்த வருடம் அர்ஜுனா விருது. நல்லது, கைதட்டுவோம். ஆனால் ஹிரோஷிமா போகிறவன் முதலில் ஸ்ரீவைகுண்டம் பேருந்தில் பத்திரமாகப் போய் வர வேண்டும்.

போட்டிக்கு அனுமதி கொடுக்கும் காவல்துறை, ஒலிபெருக்கிக்கு நேரம் குறிப்பது போல, சாதிப் பெயரில் அணி கூடாது, சாதித் தலைவர் படத்தோடு ஃபிளெக்ஸ் கூடாது என்றும் எழுதிக் கொடுக்கட்டும். வெளியூர் அணி ஊர் திரும்பும் வரை பொறுப்பேற்கட்டும். வாசிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2024இல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். உங்கள் ஊரில் அந்தச் சாமான்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன, யார் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். போகும்போது இரண்டு தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.