பாதியில் விட்ட ஆலையை விலைபேச விடமாட்டோம்

தோழர்களே,

நம் சேலம் இரும்பாலையை விற்க டெண்டர் வந்துவிட்டது. 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் சம்மதம் சொன்னபோது, “காகிதத்தில்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்” என்று நம்மிலேயே சிலர் ஆறுதல் பேசினார்கள். இந்த 2019 ஜூலையில் அந்தக் காகிதம், வாங்க விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்ற விளம்பரமாகிவிட்டது. சேலம், துர்காப்பூர், பத்ராவதி ஆலைகள் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். இனி ஒருநாள் கார்கள் வரும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சில பேர் நம் மில்லைச் சுற்றிப் பார்ப்பார்கள். உருளைகளைப் பார்க்கிற நேரத்தைவிட, மதிலுக்கும் கஞ்சமலைக்கும் நடுவே கிடக்கிற வெட்டவெளியை அதிக நேரம் பார்ப்பார்கள். அந்தக் கார்கள் வாயிலைத் தாண்டுவதற்கு முன்னால் நாம் அங்கே நிற்க வேண்டும்.

எதற்காக நிற்கிறோம் என்று நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். இது யாரோ தட்டில் வைத்துக் கொடுத்த ஆலை அல்ல. 1967 ஜூலையில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது எழுச்சி நாள் என்று அறிவிக்க, சேலம் இரும்பாலையைக் கொடு என்று தமிழ்நாடு முழுவதும் குரல் எழுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு விசாகப்பட்டினம் ஆலையைக் கேட்டு ஆந்திர மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியிருந்தார்கள். அதன் பிறகுதான் 1970இல் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் எழுந்து, தெற்கே மூன்று ஆலைகள் என்றார்: சேலம், விசாகப்பட்டினம், கர்நாடகத்தின் விஜயநகர். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இங்கே அடிக்கல் நாட்டினார்.

அந்த மூன்றும் என்ன ஆயின? விசாகப்பட்டினம் இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு முழு ஆலையாக எழுந்தது. விஜயநகரில் அடிக்கல் அடிக்கல்லாகவே நின்றது. தொண்ணூறுகளில் அதே தோரணகல்லில் தனியார் ஆலை வந்தது. நமக்குக் கிடைத்தது பாதி. கஞ்சமலை இரும்புத்தாதுவை நெய்வேலி நிலக்கரியைக் கொண்டு உருக்கி எடுப்பது என்பதுதான் முதலில் போட்ட கனவு. தாதுவில் இரும்பு குறைவு, செலவு கட்டாது என்று திட்டத்தை வெட்டினார்கள், திரும்பத் திரும்ப வெட்டினார்கள். கடைசியில் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது, வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடாக்கும் ஒரு மில் மட்டும்தான். உலை இல்லாத இரும்பாலை! தலை இல்லாமல் உடம்பை மட்டும் பெற்றுக்கொண்டோம்.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று சட்டைப்பையில் கைவிட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயம் அடிக்க நாணயச் சாலைகளுக்கு எஃகு வட்டுகளை வெட்டிக் கொடுத்த ஆலைகளில் நம்முடையதும் ஒன்று. வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறங்கள். சேலம் ஸ்டெயின்லெஸ் என்றால் பாத்திரக் கடையில் தனி மதிப்பு. என் அம்மா சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளி இன்றும் என்னோடு ஷிப்டுக்கு வருகிறது. பிடி மட்டும் ஒருமுறை மாற்றியது. அடியில் வெட்டிய பெயரில் முதல் எழுத்து தேய்ந்துவிட்டது. தகடு தேயவில்லை.

நஷ்டம், நஷ்டம் என்கிறார்கள். நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு வேண்டிய நிக்கலைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். உலகச் சந்தையில் அதன் விலை ஏறினால் நம் அடக்கவிலையும் ஏறும். மின்வில் உலைக்கு மின்சாரம்தான் உயிர், அந்தக் கட்டணமோ கழுத்தைப் பிடிக்கிறது. சீனத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மலிவுத் தகடு வந்து குவிகிறது. இந்த மூன்றில் எது தொழிலாளியின் சோம்பலால் வந்தது? கடைசி இரண்டும் அரசு கை வைத்தால் மாறக்கூடியவை. சொந்தமாக மின்சாரம் எடுக்க வழி செய்யலாம், இறக்குமதிக்கு வரி போடலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, காய்ச்சல் வந்த பிள்ளையைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். 2000இல் இதே மூன்று ஆலைகளைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். நாம் விடவில்லை, விற்பனை நடக்கவில்லை. பிறகு என்ன நடந்தது? நாற்பது ஆண்டாகக் கேட்ட உலை வந்தது. 2010இல் உருக்குக் கூடம் ஓடத் தொடங்கியது. மின்வில் உலை, தொடர் வார்ப்பு, அதற்கு முன்பே வந்திருந்த சூடான உருட்டு மில் எல்லாம் சேர்ந்து, உருக்குவதில் தொடங்கித் தகடுவரை சொந்தக் காலில் நிற்கிற ஆலையானது. மக்கள் பணம் 2,000 கோடி ரூபாய் அளவுக்குக் கொட்டி முடித்து, பத்து ஆண்டுகூட ஆகவில்லை. இப்போது விற்கிறார்களாம். அன்று விற்றிருந்தால் கிழட்டு மில் போயிருக்கும், இன்று விற்றால் புது உலையும் சேர்ந்து போகும்.

நிலத்தின் கதைக்கு வருகிறேன், அங்கேதான் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஏறத்தாழ 4,000 ஏக்கர். ஆலையும் மோகன் நகர்க் குடியிருப்பும் போக, பெரிய பரப்பு இன்னும் வெறுமனே கிடக்கிறது. வருங்கால விரிவாக்கத்துக்கு என்று எடுத்த மண் அது. மாரமங்கலத்துப்பட்டிப் பக்கம் ஒரு பாட்டி, போன வாரம் நாங்கள் துண்டறிக்கை கொடுத்தபோது படிக்கத் தெரியாமல் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மதில் பக்கம் கைநீட்டினார். “அந்த வேம்பு தெரியுதே, அதுக்கு இந்தாண்டதான் எங்க கெணறு. கமலை ஓட்டி எறைச்சது. கவருமெண்டு ஆலைக்குன்னு கேட்டாங்க, குடுத்தோம். இப்ப யாரு கேக்கறாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை, தோழர்களே. நிலம் கொடுத்தவர்கள் ஒரு முதலாளிக்குக் கொடுக்கவில்லை. ஊருக்கு ஆலை வரும், பேரனுக்கு வேலை வரும் என்று நாட்டுக்குக் கொடுத்தார்கள்.

குடியிருப்புக்குப் பெயர் தந்த மோகன் குமாரமங்கலத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம்மைப் போலச் செங்கொடி பிடித்து வளர்ந்தவர். எஃகுத் துறை அமைச்சராக இருக்கும்போதே 1973இல் விமான விபத்தில் மாண்டார். அவர் பெயர் எழுதிய பலகையின் கீழே நின்றுகொண்டா இந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம்?

ஒப்பந்தத் தோழர்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். நிரந்தரக்காரன் பிரச்சினை இது, நமக்கென்ன என்று யாராவது காதில் ஓதினால் நம்பாதீர்கள். ஆலை கைமாறினால் முதல் நாள் வெளியே நிற்பது நீங்கள்தான். நிரந்தரத் தொழிலாளர்களே, கேன்டீனில் அவர்கள் தனி மேசை, நாம் தனி மேசை என்று இத்தனை நாள் இருந்தது நம் தப்பு. இன்றோடு அதை விடுங்கள். கொடி எந்த நிறமாக இருந்தாலும் இந்த வாயிலில் ஒரே பந்தல்தான். ஓய்வுபெற்றவர்கள் வாருங்கள், உங்களுக்கு 2000த்தின் போராட்டம் தெரியும். மோகன் நகர்ப் பெண்களே, நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் நகரம் திரும்பிப் பார்க்கும். சித்தர்கோவில் சாலை வியாபாரிகளே, இரும்பாலைச் சம்பள நாள் உங்கள் கல்லாவுக்கும் சம்பள நாள்தானே.

நம் கோரிக்கை வேலையைக் காப்பாற்று என்பதோடு நிற்காது. விற்பனையை ரத்து செய், உறுதி சொன்ன ஆலையைக் கட்டி முடி, வெறும் நிலத்தில் விரிவாக்கத்தைத் தொடங்கு, நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அங்கே வேலை கொடு. இதைக் கேட்கிறோம்.

திங்கட்கிழமை காலை, முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால் பிரதான வாயிலில் கூடுகிறோம். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நில்லுங்கள். உலையிலும் பாய்லரிலும் பாதுகாப்புக்கு வேண்டிய ஆட்கள் மட்டும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. அது நம் ஆலை, அதற்கு ஒரு கீறல் விழக் கூடாது. பார்வையிட யார் வந்தாலும் கையைக் கோத்து நிற்போம், கல் எடுக்க மாட்டோம். குடை கொண்டுவாருங்கள், வெயில் இன்னும் போகவில்லை. தூக்குவாளியில் இரண்டு வேளைக்குச் சோறு கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டார்.