பயிற்சி விசாவும் எமது வாலிபரும்

யப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்கெனச் செல்லும் ஆவல் எமது வாலிபரிடையே பெருகி வருகின்றது. இதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. உத்தியோகத்தையே நம்பிக் கந்தோர் வாசலிற் காத்துக்கிடந்து ஏமாந்த சமுதாயம், கைத்தொழில் கற்பதற்குக் கடல் கடக்கத் துணிவது வரவேற்கத்தக்கதே. ஆனால், காணியை ஈடுவைத்துப் புறப்படுமுன் அந்த விசாவின் பொருள் யாதென்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும்.

1993 ஆம் ஆண்டில் இத்திட்டத்தை ஆரம்பித்த யப்பான், வளர்முக நாடுகளின் இளைஞருக்குத் தொழில் நுணுக்கங்களைக் கற்பித்துத் திருப்பியனுப்புவதே தன் நோக்கமெனக் கூறியது. நடந்ததோ வேறு. முதியோர் பெருகி வாலிபர் அருகிவிட்ட அந்நாட்டின் வயல்களுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். பயிற்சி என்ற பெயரில் அவ்வாட்கள் கிடைத்தனர். மூன்று ஆண்டுகளும், பரீட்சையிற் சித்தியெய்தினால் மேலும் இரண்டு ஆண்டுகளும் தங்கலாம். ஆனால் தன்னை அழைத்த முதலாளியை விட்டுத் தானாக வேறிடம் செல்லும் உரிமை பயிற்சியாளனுக்கு அளிக்கப்படவில்லை. சம்பளம் குறைந்தாலென்ன, ஏச்சு விழுந்தாலென்ன, பொறுத்திருக்க வேண்டியதே! 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 9,753 பயிற்சியாளர் தொழிலிடத்தை விட்டுத் தலைமறைவாயினர் என யப்பானிய அரசாங்கமே கணக்குக் காட்டியது. பயிற்சியாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் கடன்பட்டே வந்தவர்கள் என்பதும் அவ்வரசாங்கம் 2022 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தெரியவந்தது.

கடனும் இடமாற முடியாமையும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பெருந்தோட்டங்களில் 'துண்டு' முறை இருந்த காலத்தில், கடனைத் தீர்க்காத தொழிலாளி அடுத்த தோட்டத்தில் வேலைக்கமர முடியாதிருந்தது. அம்முறை 1921 இல் ஒழிந்தது. அதே முடிச்சு விமானச் சீட்டோடு சேர்ந்து வருவதை நாம் அனுமதிக்கலாமா?

கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். பசுமை இல்லப் பயிர்ச்செய்கை, மரக்கறி, பழம், கோழி, கறவைமாடு ஆகியன இத்திட்டத்திற் சேர்ந்த தொழில்களே. கற்கவேண்டியது அங்கே நிறைய உண்டு. ஆயினும், யப்பானியத் தொழிற் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகளிலிருந்து விவசாயத்துக்கு விலக்களித்துள்ளது. ஆகையால் நாளொன்றுக்கு எத்தனை மணி, கிழமைக்கு எத்தனை நாள் என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தல் அவசியம்.

யப்பான் தன் தவறை ஓரளவு உணர்ந்துகொண்டது என்றே கூறவேண்டும். 2017 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பிணைப்பணம் வாங்குவதையும் கடவுச்சீட்டைப் பறித்துவைப்பதையும் தடைசெய்தது. 2024 ஜூனில் நிறைவேறிய புதிய சட்டமோ பழைய திட்டத்தையே நீக்கி, ஆட்பலம் வேண்டுமென்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் வேறொரு திட்டத்தை 2027 ஏப்ரல் முதல் அமைக்கிறது. ஓரிரு ஆண்டுகள் வேலைசெய்து, தொழிலிலும் மொழியிலும் குறித்த தேர்ச்சி பெற்றவர், அதே துறையில் முதலாளியை மாற்றிக்கொள்ள அதில் இடமுண்டு. மொழி தெரிந்தவனுக்கே அவ்வுரிமை கைகூடும் என்பதைக் கவனியுங்கள்.

அம்மொழி எமக்கு எட்டாததன்று. வினைச்சொல் இறுதியில் வருவதும், உருபுகள் பெயருக்குப் பின் ஒட்டுவதும் தமிழைப் போன்றே. (சுசுமு ஓனோ இரண்டும் உறவுமொழிகள் என்றே வாதாடினார், மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை.) யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அரசாங்கச் செலவில், தமிழ் மூலம் யப்பான் மொழி கற்பிக்க என்ன தடை? தமிழ் 1987 முதல் அரசகரும மொழியாயிருக்க, கைச்சாத்திடும் ஒப்பந்தம் முழுவதையும் தமிழிற் கேட்பது சலுகை கேட்பதாகுமா? 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வேலைவாய்ப்புப் பணியகம் இதற்கு மறுமொழி கூறவேண்டும். அதன் அனுமதிப்பத்திரமில்லாத முகவருக்கு ஒரு சதமேனும் கொடுக்கலாகாது.

திரும்பி வருபவனைப் பற்றியும் எமது பிரதிநிதிகள் வாய்திறக்க வேண்டும். பசுமை இல்லத் தொழிலைக் கற்றுவந்த வலிகாமம் வடக்கு வாலிபனின் காணி, 1990 முதல் இராணுவத்தின் கையிலிருந்து இன்னும் விடுபடாத பகுதிக்குள் இருக்குமாயின், அவன் கற்ற தொழிலை எந்த நிலத்திற் செய்வான்?