கையெழுத்திட மறுப்பது பேராசையாம்!

“பந்தை உதைக்கிறவனுக்கு எதற்கு இத்தனை பணம்? நாட்டுக்காக ஆடுகிறேன் என்கிறவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஏன் பேரம் பேசுகிறான்?” கரமனைச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ஆற்றங்கரைத் தெருக்களின் திண்ணைகளிலும் இந்தக் கேள்வி நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். மாதச் சம்பளக்காரர்கள், பஞ்சப்படி இரண்டு தவணை தாமதமானால் ஆபீஸ் வாசலில் கொடி பிடித்து நிற்கிறவர்கள். தாம் பேசினால் உரிமை, பந்தாட்டக்காரன் பேசினால் பேராசை! இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

நாம் யார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்களும் அவர்களுடைய மக்களும்தானே நாம்! கணக்கெழுதினோம், சமைத்தோம், சாலைக் கடைவீதியில் மூட்டை சுமந்தோம். கூலி இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தவர் யார்? வாய்ச் சொல்தான் ஒப்பந்தம். முதலாளியின் முகம்தான் சட்டம். எழுத்து இல்லாத வேலையின் கசப்பு நமக்குத் தெரியும். தெரிந்த நாமே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

திருவனந்தபுரத்தில் கால்பந்து வெகு காலம் கிளப்பின் பெயரால் ஆடப்படவில்லை, ஆபீசின் பெயரால் ஆடப்பட்டது. டைட்டானியம், கேரளா போலீஸ், மின்சார வாரியம், அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ், நமக்குப் பக்கத்துப் பூஜப்புரையில் தலைமையகம் வைத்திருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர்: இவைதாம் நம் அணிகள். இங்கே ஆட்டக்காரனின் ஒப்பந்தம் என்பது நியமன உத்தரவு. பந்தடித்தால் வேலை, வேலை கிடைத்தால் ஓய்வூதியம் வரை கவலையில்லை. இதை நாம் இழிவாகச் சொல்லவில்லை. கால்பந்தாட்டக்காரனின் கால் முப்பத்து மூன்று, முப்பத்தைந்து வயதில் ஓய்ந்துவிடும், வயிறு ஓயாது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் ஐ.எம். விஜயன் 1987-ல் கேரளா போலீஸ் அணிக்கு வந்தார். 1990-இலும் 1991-இலும் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. பிறகு கல்கத்தா மோகன் பகான் அழைத்தது, போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். 2025-ல் காவல்துறையிலிருந்தே ஓய்வு பெற்றார், பத்மஸ்ரீ பட்டத்தோடு. அவர் கல்கத்தா போனபோது “காசுக்காக ஓடினான்” என்று பேசிய நாக்குகளே பின்னாளில் “நம்ம விஜயன்” என்று மாலை போட்டன!

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு உள்ளே ஒரு கயிறு இருந்தது. வேலை கொடுத்த கை, காலைக் கட்டவும் செய்தது. சி.கே. வினீத் கதையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் இந்நகரத்து அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவர். கிளப்புக்காகவும் இந்திய அணிக்காகவும் ஆடினார். 2017-ஆம் ஆண்டு மே மாதம், வருகைப் பதிவேட்டில் நாட்கள் குறைவு என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள்! பந்து விளையாடுகிறான் என்பதற்காக எடுத்தவர்கள், பந்து விளையாடப் போனான் என்பதற்காக வெளியேற்றினார்கள். மாநில அரசு தலையிட்டுத் தலைமைச் செயலகத்தில் வேலை கொடுத்தது, அதைப் பாராட்டுகிறோம். பெயர் பெற்ற வினீத்துக்கு முதலமைச்சர் கேள்வி கேட்பார். பெயர் பெறாத பூந்துறைப் பையனுக்கு, விழிஞ்ஞத்துப் பையனுக்கு, தமிழ் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொழியூர்ப் பையனுக்கு யார் கேட்பார்?

அதே 2017-இல், ஏப்ரல் 1-ஆம் தேதி, ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் என்ற பெயரே ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவுக்குள் கரைந்து போயிற்று. நம் தகப்பன்மார் கைதட்டி வளர்த்த அணியின் பெயர் ஒரே நாளில் பழங்கதை ஆயிற்று. ஆட்டக்காரனைக் கேட்டா இணைத்தார்கள்?

சரி, ஆபீஸ் வேண்டாம், முழுநேரக் கிளப்புக்கே போகட்டும் என்பார்கள். அதையும் கேரளம் பார்த்துவிட்டது. 1997-ல் பெரும் ஆரவாரத்தோடு எஃப்.சி. கொச்சின் பிறந்தது. முதல் ஆண்டிலேயே டூராண்ட் கோப்பையை வென்றது; விஜயன் உள்ளிட்டோர் வந்து ஆடினர். ஐந்தே ஆண்டுகள்! சம்பளம் கொடுக்க முடியாமல் 2002-ல் மூடப்பட்டது. அன்று ஆபீஸ் வேலையை விடாதே என்று மகனைத் தடுத்த தாய்மார்களைப் பழமைவாதிகள் என்று கேலி செய்தவர்கள், பாக்கிச் சம்பளத்துக்கு அலைந்த ஆட்டக்காரர்களின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பெரிய மேடைக்கு வருவோம். இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியது. தொலைக்காட்சி விளக்குகள், சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள். 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திய ரிலையன்ஸ் குழும நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்ற காரணத்தால், அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் அணியும் நடவடிக்கைகளை நிறுத்தியது. செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கிற்று. இடையில் சுனில் சேத்ரி போன்ற மூத்தவர்களே உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவை நோக்கி, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று பகிரங்கமாக வேண்ட நேர்ந்தது.

இங்கேதான் நம் கேள்வி. ஒரு கிளப் ஒரு பக்க அறிக்கையில் சம்பளத்தை நிறுத்தலாம். அதற்குப் பெயர் “நிச்சயமற்ற சூழ்நிலை”. ஓர் ஆட்டக்காரன் தன் கையெழுத்தை இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் அதற்குப் பெயர் பேராசை! முதலாளி கதவை மூடினால் வியாபாரம், தொழிலாளி கையை மூடினால் துரோகம். எந்த அகராதியில் எழுதியிருக்கிறது?

கையெழுத்துத்தான் அவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம். ஆலைத் தொழிலாளி ஆயிரம் பேராக வெளியே வந்து நிற்பான். ஆட்டக்காரன் தனியாள். ஒப்பந்தம் நடக்கும்போது ஆட மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை பாயும். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அவனுக்குக் குரல் உண்டு. அந்த இடைவெளியிலும் வாயைப் பொத்திக்கொள் என்றால், பிறகு எப்போது பேசுவான்? முழங்கால் போன பிறகா? இந்திய அணித் தலைவராக இருந்த வி.பி. சத்யன், காயங்களின் வலியையும் மனச்சோர்வையும் சுமந்து 2006-ல் சென்னையில் 41 வயதில் மறைந்தார். அவர் சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல நாம் துணியமாட்டோம். ஆனால் ஒரு நாட்டின் கேப்டனுடைய உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதைக் கைதட்டுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே ஆட்டக்காரனுக்கு வாரம் 20 பவுன்தான் உச்சவரம்பு என்று சட்டம் போல் வைத்திருந்தார்கள். ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த நாளைக் குறித்தது. 1961 ஜனவரியில் வரம்பு உடைந்தது. அதைவிடச் சுவையானது ஜார்ஜ் ஈஸ்தாம் கதை. 1960-ல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தும், நியூகாசில் கிளப் அவரைப் போகவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புகளுக்கு இருந்தது. கொத்தடிமைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஈஸ்தாம் பந்தைக் கீழே வைத்துவிட்டு, தக்கை விற்கும் வேலைக்குப் போனார்! மாதக்கணக்கில் ஆடவில்லை. கிளப் இறங்கி வந்து ஆர்சனலுக்கு விட்டது. அதோடு விட்டாரா? வழக்கை நடத்தினார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்த முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுப்பது என்று தீர்ப்பளித்தார். 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் கொடுத்த தீர்ப்பும் இதே பாதையில் வந்ததுதான். அன்று ஈஸ்தாமையும் பேராசைக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அந்த ஊர்த் திண்ணைக்காரர்கள்.

“லட்சங்களில் புரள்கிறவர்களுக்கா தொழிலாளி என்ற பெயர்?” என்று சில தோழர்கள் நம்மிடமே கேட்கிறார்கள். லட்சங்களில் புரள்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்குப் பின்னே, மாநில லீக்கில் சில மாதங்கள், மலபாரில் செவன்ஸ் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு, மீதி நாட்கள் அப்பனோடு கடலுக்கு என்று வாழ்கிறவர்கள்தாம் பெரும்பான்மை. 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் நம் நகரத்துக்கும் கொம்பன்ஸ் என்று ஒரு அணி வந்திருக்கிறது. மகிழ்ச்சி, டிக்கெட் வாங்கிப் போகிறோம். சில மாதச் சீசன் முடிந்த பின் அந்த உள்ளூர்ப் பையன் என்ன சாப்பிடுகிறான் என்றும் கேட்போம். மேலே நிற்பவன் பேரம் பேசி வெல்லும் விதிகள்தாம் கீழே நிற்பவனுக்கும் கூரையாகும். ஈஸ்தாம் வென்றது ஈஸ்தாமுக்கு மட்டுமா?

கேரளம் சுமட்டுத் தொழிலாளிக்கு 1978-லேயே தனிச் சட்டம் செய்த மாநிலம். சாலைக் கடைவீதியில் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி முடிவாகிறது. தகராறு வந்தால் கேட்க இடம் இருக்கிறது. (நோக்குகூலி வாங்கியவர்களை நாம் ஆதரிக்கவில்லை, அது வேறு.) தோளில் சுமப்பவனுக்குச் சட்டம் உண்டு, காலால் உழைப்பவனுக்கு மட்டும் ரசிகர்களின் பாராட்டு போதுமா?

நம் தெருப் பிள்ளைகளும் இப்போது அகாடமிகளுக்குப் போகிறார்கள். தஞ்சையிலிருந்து எழுந்த சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் கோல் அடித்தவர், 1973-ல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பை வென்றபோது பயிற்சியாளராக நின்றவர் என்று பெருமை பேசினால் மட்டும் போதாது. ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாதவனுடைய ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதங்களில் வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்திட அவனுக்கு உரிமை உண்டு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு விலகலாம். இதையெல்லாம் எத்தனை தகப்பன்மார் அறிவார்கள்? கோச் நீட்டிய காகிதத்தில், அது என்ன மொழியில் இருக்கிறது என்றுகூடப் பாராமல் கையெழுத்திடுகிறோம். இனி, தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காயம் பட்டால் செலவு யாருடையது, எத்தனை மாதம் சம்பளம் ஓடும் என்று எழுத வையுங்கள். ஒரு பிரதியை வாங்கி வீட்டில் வையுங்கள். “உங்கள் பையனுக்கு ரொம்பத் திமிர்” என்று சொல்வார்கள். சொல்லட்டும். படிக்கத் தெரியாத வரி இருந்தால் நம் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அதைப் படித்துச் சொல்ல இங்கே வக்கீல் தோழர்கள் இருக்கிறார்கள்.