அவசரப்பட்டால் ஆட்டம் வராது!

"பள்ளிக்கூட ஆண்டு விழா வருகிறது. பெண்ணுக்கு ஒரு பாட்டுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்து விடுங்கள்!"

சேலம், நாமக்கல் பக்கத்தில் நடன ஆசிரியர்களிடம் பெற்றோர் இப்படிக் கேட்பது உண்டு. சேர்த்து ஆறு மாதம் ஆயிற்று, இன்னும் 'தையா தை' தானா என்று அலுத்துக் கொள்வார்கள்.

அந்தத் 'தையா தை' தான் பரத நாட்டியத்துக்கு அஸ்திவாரம். அதற்குத் தட்டடவு என்று பெயர். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, அரைமண்டியில் இருந்து, உள்ளங்கால் முழுவதும் தரையில் படும்படி தட்ட வேண்டும். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு மடங்கு வேகம். அப்புறம் நான்கு மடங்கு. வேகம் கூடும்போது உடம்பு மேலே எழும்பப் பார்க்கும். எழும்பக் கூடாது. அதற்காகத்தான் ஆசிரியர் தட்டுக்கழியை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து ஆடச் சொல்கிறார்.

அவசரப்பட்டால் ஆட்டம் மட்டுமா கெடும்? முழங்காலும் கெடும். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, முழங்காலும் அந்தப் பக்கமே போக வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பி, முழங்காலை முன்னால் விட்டால் மூட்டு வலிக்கும். குழந்தை "வலிக்குது" என்றால் சோம்பல் என்று அதட்டாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

மேல்நாட்டு பாலே நடனத்திலும் இதே கதைதான். உலகப் புகழ் பெற்றவர்கள்கூட, காலையில் கம்பியைப் பிடித்துக் கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்வதில்தான் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

கலாட்சேத்திராவை 1936-ல் நிறுவிய ருக்மிணி தேவி, முதலில் பயின்றது பாலேதான். ருஷ்ய நாட்டு நடன ராணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்தி அவருக்குக் கற்றுக் கொடுத்தார். "உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள்" என்ற கருத்தை அவர் மனத்தில் விதைத்தவர் பாவ்லோவா. பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1935-ல் அடையாற்றில் மேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது 31! எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன அவசரம்?

இது நம் ஊருக்குப் புரியாத விஷயமா? அம்மாபேட்டையில் தறிக்குழியில் இருப்பவரைப் பாருங்கள். கால் மிதிப்பதும் கை நாடா விடுவதும் ஒத்து வர வேண்டும். தறியில் உட்கார்ந்த முதல் வாரமே அவரிடம் பட்டுச்சேலை கேட்பார் உண்டா?

வீட்டில் தினமும் கால்மணி நேரம் பழகினாலே போதும். வழுக்காத தரை வேண்டும். சாப்பிட்ட உடனே வேண்டாம். ஆசிரியர் சொன்ன அடவை மட்டும், மெதுவாக ஆடட்டும். தாளத்துக்கு ஒரு மணைப்பலகையும் குச்சியும் இருந்தால் சரி. பாட்டி தட்டினாலும் தாளம் தாளந்தான்!