எஞ்சின் ஜாமா? எடைக்குப் போடாதீங்க!

தாத்தா வீட்டுக் கொல்லைப்புறம், மாடு இல்லாத மாட்டுக்கொட்டகை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கின் கடைசித் தூண்... இந்த மூன்றில் எங்காவது ஒரு பழைய புல்லட் நிற்கும். இரண்டு டயரிலும் காற்று இருக்காது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தும். டேங்க் மேல் யாராவது வடகம் காய வைத்திருப்பார்கள். "அப்பா ஓட்டுன வண்டி, ஒருநாள் ரெடி பண்ணணும்" என்று வீட்டில் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒருநாளும் வந்து, மகன் ஆசையாகப் போய்க் கிக்கரை மிதித்தால்... கல் மாதிரி நிற்கும். ஒரு அங்குலம் கூட இறங்காது.

தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள். அவர் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"எஞ்சின் ஜாம் தம்பி. பிஸ்டன் புடிச்சிருச்சு."

"சரி பண்ண முடியாதாண்ணே?"

"அதுக்கு எதுக்கு மெனக்கெடறே? வேற எஞ்சின் வாங்கித் தூக்கி வெச்சிரலாம். அப்படியே பெயிண்ட் அடிச்சு, சைலன்சர் மாத்தினா வண்டி சும்மா தெறிக்கும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் இதற்குப் பணம் தர மாட்டார்கள், அதனால் அடுத்த வாரமே காயலான் கடைக்காரர் தராசோடு வருவார். ஆக, ஜாமான வண்டிக்கு நம்மூரில் இரண்டே வழி: எடைக்குப் போவது, அல்லது எஞ்சினை மாற்றிப் பளபளவென்று 'ரீஸ்டோர்' ஆவது. இரண்டுமே தப்பு! முதலாவதில் வண்டி நேரடியாகச் சாகிறது. இரண்டாவதில் கைக்காசையும் செலவழித்து, வண்டியைக் கொன்று, மேலே மாலை போட்டு மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் இந்த 'ஜாம்' என்ற வார்த்தை. மருத்துவமனையில் கையை விரிப்பது மாதிரி இதைச் சொல்லிவிடுகிறார்கள். எஞ்சின் இறுகுவதில் இரண்டு வகை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் இல்லாமல் சூடேறி இறுகுவது ஒன்று. பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் பிளாக் (சிலிண்டரைத்தான் பட்டறையில் அப்படிச் சொல்வார்கள்) வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும். இடையில் எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் உருகி அப்பிக்கொள்ளும். இதைத்தான் 'பிஸ்டன் கடிச்சிருச்சு' என்பார்கள். இது உண்மையான காயம்.

கொட்டகையில் நின்ற வண்டிக்கு வருவது இரண்டாவது வகை. ஓடி நிறுத்திய வண்டி, நின்றே இறுகியது. பிஸ்டன் எந்த இடத்தில் நின்றதோ அதைப் பொறுத்து, ஒரு வால்வு பாதி திறந்தபடியே இருக்கக்கூடும். அந்த வழியாகச் சைலன்சரிலிருந்தோ கார்புரேட்டரிலிருந்தோ ஈரக்காற்று உள்ளே போகும். கடற்கரை ஊர் என்றால் உப்பும் சேர்ந்து போகும். பிஸ்டன் ரிங்கும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய வளையத்தில் துரு பிடித்து ஒட்டிக்கொள்கிறது. பல வண்டிகளில் நடந்திருப்பது இவ்வளவுதான். 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய்க்குள் மூன்று நான்கு வளையங்கள் துருவால் ஒட்டிக்கொண்டன. இதற்கு எஞ்சினையே மாற்றுவது, பூட்டு துருப்பிடித்தது என்று வீட்டை இடிப்பது மாதிரி.

அதற்கும் முன்னால், இறுகியது எஞ்சின்தானா என்று யாராவது பார்த்தார்களா? பழைய புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். கிக்கர் இறங்கினால் கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, பிடித்திருப்பது எஞ்சின். அப்போதும் இறங்கவில்லை என்றால் கோளாறு கிக்கர் பக்கமே இருக்கலாம், அல்லது கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்தைச் செலவு செய்யாமல் எடைக்குப் போன வண்டிகள் எத்தனையோ!

சரி, எஞ்சின்தான் இறுகியிருக்கிறது. அப்போது எதைச் செய்யக் கூடாது என்பதுதான் முக்கியம். கிக்கர் மேல் ஏறிக் குதிக்கக் கூடாது. முதலில் உடைவது கிக்கர் பல்சக்கரம். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளி, ஓட்டத்தில் கியர் போட்டுக் கிளட்ச்சை விடக் கூடாது. சுத்தியலால் பிஸ்டன் தலையில் போடவே கூடாது. அலுமினியம் ஓட்டையாகும், கனெக்டிங் ராடு வளையும். பத்து நாளில் தானாக விட்டுக்கொடுத்திருக்கும் எஞ்சினைப் பத்து நிமிடத்தில் உண்மையிலேயே கொன்றுவிடுவது இந்த வீரம்தான். எஸ்டி மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இன்னும் மோசம். பிளாக்கின் சுவரில் காற்று போகவர ஜன்னல்கள் இருக்கும். பலமாக உந்தினால் ரிங் அந்த ஜன்னலில் மாட்டி ஒடியும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றுவது. டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலப்பவர்கள் உண்டு (தீ பக்கத்தில் இருக்கக் கூடாது, அசிட்டோன் சட்டென்று பற்றும்). ஊற்றிவிட்டு, விட்டுவிட வேண்டும். மறுநாள் பார்த்து, வடிந்திருந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்து டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். முதல் கியரை விட டாப் கியரில்தான் சக்கரத்தின் விசை எஞ்சினுக்கு அதிகமாகப் போய்ச் சேரும். ஒரு துளி அசைந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. முழுச்சுற்று வரும்வரை அவசரப்படாமல், முன்னும் பின்னும், மறுபடி எண்ணெய், முன்னும் பின்னும்.

ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம். அப்போதும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம். பிளாக்கை வெளியிலிருந்து சூடாக்கி ஆறவிட்டால், இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பிடி தளரும் (உள்ளே ஊற்றியதை எல்லாம் வடித்து, துடைத்து, காயவிட்ட பிறகுதான் அடுப்பு, டார்ச் எல்லாம்). பிஸ்டன் மேல் உட்காரும் அளவுக்கு உருட்டிய மரக்கட்டை ஒன்றை வைத்து லேசாகத் தட்டலாம். மரம்தான், இரும்பு அல்ல.

அசைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்கிறார்களே, அது அடுத்த கொடுமை. உதிர்ந்த துரு உள்ளேயேதான் இருக்கும். பழைய எண்ணெய் அடியில் தார் மாதிரி உறைந்திருக்கும். பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் பெரிய முனை ஒரு புஷ் மேல் சுழல்கிறது. அதற்கு எண்ணெய் போவது கிராங்க்குக்குள் குடைந்த மெல்லிய துளை வழியாக. அந்தத் துளை அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும், பிறகு கீழேயிருந்து 'டொக் டொக்' என்று கேட்கும், அப்புறம் மொத்தச் செலவும் இரண்டு மடங்கு. எனவே எஞ்சினைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்து, கழுவி, பிளாக்கை அளந்து, துருக்குழி மேலோட்டமாக இருந்தால் ஹோனிங், ஆழமாக இருந்தால் லேத்தில் ரீபோர் செய்து ஒரு அளவு பெரிய பிஸ்டன். பேரிங், ஆயில் சீல் எல்லாம் அப்போதே பார்த்துவிட வேண்டும். இதில் எதுவுமே வெளியே தெரியாது. போட்டோவில் வராது. அதனால்தான் ஒருவரும் இதற்குக் காசு செலவழிக்க விரும்புவதில்லை!

காசு என்றதும் காமர்ஸ் வகுப்பு ஞாபகம் வராமல் இருக்காது. குறைந்து செல் மதிப்பு முறையில் வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் போட்டால், 10,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி 40 வருடத்தில் ஏறக்குறைய 15 ரூபாய்க்கு வந்து நிற்கும். ஆனால் சுழியம் ஆகாது, கவனியுங்கள். காயலான் கடைக்காரர் தருவது எறிமதிப்பு. பெயிண்ட் அடித்து விற்கிறவர் தேடுவது லாபம். லாபத்துக்காக இதைச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வேண்டாம். லேத் கூலி, பாகங்கள், அலைச்சல், காத்திருந்த மாதங்கள் எல்லாவற்றையும் பற்று வைத்தால் கணக்கு நேராகாது. ஓட்டப் போகிறவர்களுக்கு மட்டுமே இது நியாயமான செலவு. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டா நல்ல விலைக்குப் போகும்" என்று குரோமுக்கு மேல் குரோம் பூசுவதைப் பொருளாதார வாத்தியார் மூழ்கிய செலவு என்பார். மெக்கானிக் 'நல்ல கிராக்கி' என்பார்.

எஞ்சினை மாற்றும் யோசனைக்கு வருவோம். சென்னை புதுப்பேட்டையில் எந்த வண்டிக்கும் எந்தப் பாகமும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் எழுதியிருக்கிறது. வேறு எஞ்சினைத் தூக்கி வைத்தால் அது வேறொருவர் வண்டியின் நம்பர். அந்த வண்டி எங்கே போயிற்று, திருட்டு வண்டியா என்று யாருக்குத் தெரியும்? அப்பா பெயரில் இருக்கும் ஆர்.சி.யை மகன் பெயருக்கு மாற்றும்போதோ, புதுப்பிக்கப் போகும்போதோ இது வெடிக்கும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டியின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நம்பரைப் பார்ப்பார்கள். பெயிண்டர்கள் சேஸிஸைத் தேய்த்துப் பட்டி வைத்து, பொறித்த நம்பரையே மூடிவிடுவதும் உண்டு.

2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரியான விஷயங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் ஓட்ட முடியாது. மியூசியம் வைத்திருப்பவர்களுக்குச் சரி. காலையில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து டீக்கடை வரை போக நினைக்கிற பிள்ளைக்கு, செலவும் அலைச்சலும் இருந்தாலும் பழைய ஆர்.சி.யை உயிரோடு வைத்திருப்பதே மேல். மூல எஞ்சின் இல்லாமல் இந்த இரண்டு வழியிலுமே சிக்கல்தான்.

பெயிண்ட் விஷயத்தில் வருகிற கோபம் கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 1950களில் இந்திய அரசு எல்லை ரோந்துக்காக 800 புல்லட் கேட்டதால் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1962க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது, திருவொற்றியூர் நின்றது. அந்த ஆலையில் டேங்க்கின் தங்கக் கோடுகளைத் தூரிகையால், ஸ்கேல் இல்லாமல், கையாலேயே இழுத்தார்கள். கொட்டகையில் கிடக்கும் டேங்க்கின் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் மங்கலாக அந்தக் கோடு இன்னமும் தெரியும். முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் கை அது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு மேட் கறுப்பு அடித்து மண்டையோடு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ரீஸ்டோரேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! துரு அரிக்காமல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் போதாதா? மங்கின டேங்க் மங்கினபடியே இருக்கட்டுமே. டேங்க்கின் உள்பக்கத் துருவை எடுப்பதில் அந்தக் காசைப் போடலாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் சும்மா விடாது. பெட்ரோல் குழாய், டேப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் புதிதாகப் போட வேண்டியவை. அவையும் போட்டோவில் வராது.

எல்லாம் முடிந்து பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். புது எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலே நிறையத் தடவை கிக்கரை மிதித்து, மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் கசிந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பிறகு பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்மீட்டர் முள் இடதுபக்கம் சாய்ந்து, ஓர் இடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துப் பிஸ்டனை ஒரு நூல் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. முதல் மிதியில் எடுக்காது. ஐந்தாவதிலும் எடுக்காமல் போகலாம். கொல்லைப்புறத்தில் அந்த நேரம் வீட்டில் உள்ள எல்லோரும் வந்து நிற்பார்கள். அப்பா மட்டும் பக்கத்தில் வந்து, "தள்ளு, நான் பாக்கறேன்" என்பார்.