சுவத்துல துளை எதுக்குய்யா?

வாடகை வீட்டு ஹாலை ரெண்டாப் பிரிக்கணும்னு யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான்: "சுவத்துல ட்ரில் போட்டு மாட்டிடலாம் சார், இல்லேன்னா நிக்காது." சுத்தப் பேத்தல்! துளைக்கு அட்வான்ஸ்ல பிடிக்கிறது நம்ம காசு. சொல்றவருக்கு என்ன வந்தது?

கடையில விக்கிற மடிப்புத் தட்டி அதைவிட மோசம். ஃபேன் காத்துக்கே ஆடும். குழந்தை பிடிச்சு இழுத்தா அது மேலேயே விழும்.

மக்களே, தடுப்பை நிக்க வைக்கிறது சுவர் இல்லை. அடி அகலமும் அடியில இருக்கிற கனமும்தான். பெஞ்சு அதுக்குத்தான்.

6 அடி உயரம், 4 அடி அகலம், 19 மி.மீ. ப்ளைவுட் சுமார் 27 கிலோ இருக்கும். அதோட ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பெட்டி பெஞ்சை போல்ட் போட்டு முறுக்குங்க. உள்ளே புத்தகத்தை அடுக்கி, பெஞ்சு மொத்தம் 40 கிலோ ஆகட்டும். முன்பக்கம் சாயாது. ஆனா பெஞ்சுப் பக்கமிருந்து 5 அடி உயரத்துல 6 கிலோ விசையில தள்ளினாலே பின்னாடி சாஞ்சிடும். பலகைக்குப் பின்னாலும் அரை அடிக்குக் கால் நீட்டுங்க. இப்போ 12 கிலோவுக்கு மேல வேணும். ப்ளஸ் டூ இயற்பியல்தாங்க!

ஆணியும் பசையும் வேண்டவே வேண்டாம். வீடு மாறும்போது ஒரு ஸ்பானர் போதும், சுவர் வந்தப்போ இருந்த மாதிரியே இருக்கும்.

மறுக்கிறவங்க பின்னூட்டத்துக்குக் கணக்கோட வாங்க :-)