சேர்க்கைக்குப் பிறகு

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் வளவனூரில், ஜவுளிக்கடை வேலையோடு பட்டமும் வாங்க நினைக்கும் பெண்ணுக்குக் கல்லூரி எட்டாத தூரத்தில் இல்லை. மேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது; பேருந்தும் ரயிலும் உண்டு. அவரிடம் இல்லாதது பகல் நேரம். அதனால்தான் 'கரஸ்ல', அதாவது அஞ்சல்வழிப் படிப்பில், சேர்கிறார். நம் தொலைநிலைக் கல்வித் துறையை வளர்த்தவர்கள் இவரைப் போன்றவர்களே.

1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அஞ்சல்வழிக் கல்வி 1971இல் மதுரைக்கும், 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் பிறந்தது. 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர் தொலைநிலையில் படிப்பவர்.

அங்கீகாரச் சிக்கல்கள் நமக்குப் புதியவை அல்ல. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஒவ்வொரு முறையும் சுமை விழுந்தது பணம் கட்டிப் படித்தவர் தலையில். 2024 முதல் சேர்க்கைக்கு டெப்-ஐடி (மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் அடையாள எண்) கட்டாயமாகியிருப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னும், மாற்றுச் சான்றிதழில் முன்னும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பதிவில் சிக்கல் தரக்கூடிய அந்த ஒரு வேறுபாட்டைச் சரிசெய்ய எங்கே போகவேண்டும் என்று உடன் உட்கார்ந்து சொல்லித்தருவது உதவி மையத்தின் வேலை. கணினி மையத்துக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவுவது முறையல்ல.

இதைவிடப் பெரிய குறை சேர்க்கைக்கும் தேர்வுக்கும் இடையே இருக்கிறது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற அமைப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் சுமார் 30 விழுக்காடு ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) உரியது. பகலில் வேலை பார்ப்பவருக்கு ஆசிரியருடன் இருக்கும் உறவே அந்தத் தாள்தான். நடப்பது என்ன? ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நோட்ஸைப் பார்த்து எழுதுகிறார்கள். பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடுகிறோம். 'நன்று' என்ற சொல்கூட இல்லாமல் தாள் மூட்டைக்குள் போகிறது. பொருளியல் மாணவர் தேவை வளைகோட்டை இடமிருந்து வலமாக ஏறுவதுபோல் வரைந்திருந்தால், அதைச் சுட்டிக்காட்ட ஒரு நிமிடம் போதும். சுட்டிக்காட்டாவிட்டால் பருவத் தேர்விலும் அதையே வரைவார், அரியர் வைப்பார், மூன்றாவது அரியரில் படிப்பையே விடுவார். இவரைச் சோம்பேறி என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது அநியாயம். அவர் எழுதினார்; நாம்தான் படிக்கவில்லை.

ஒரு தாளைத் திருத்த ஆலோசகர் பெறும் தொகை சொற்பம் என்பது உண்மை. கட்டணத்தில் எவ்வளவு விளம்பரத்துக்குப் போகிறது, எவ்வளவு கற்பித்தலுக்குப் போகிறது என்று பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்கத்தான் வேண்டும். பணத்தைப் போலவே நேரமும் ஒரு சிக்கல். தொடர்பு வகுப்புகளைத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்தால், ஞாயிறும் கடை திறந்திருப்பவர்கள் வரமாட்டார்கள். வார நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் கைபேசி வழியே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அவர்களில் பலர் வருவார்கள்.

தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022இல் மானியக் குழு தெளிவுபடுத்திவிட்டது. வேலை கொடுப்பவரும் அப்படி நினைக்கவேண்டுமானால், ஒவ்வொரு நிறுவனமும் சேர்ந்தவர் கணக்கோடு முடித்தவர் கணக்கையும் வெளியிட வேண்டும். ஆலோசகர்களாகிய உங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது: அடுத்த பருவத்தில் உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு ஒப்படைப்பிலும் பிழை எங்கே, எப்படித் திருத்துவது என்று மூன்று வரி எழுதி, தாளை மாணவரிடமே திருப்பிக் கொடுங்கள்.